ஜப்பானிய மொழி வாசிப்பு

ஜப்பானிய மொழி வாசிப்பு என்பது ஹிரகனா, கதகனா, கன்ஜி ஆகிய மூன்று எழுத்து வகைகளும் கலந்து எழுதப்படும் ஜப்பானிய உரையை வாசித்துப் பொருள் கொள்ளும் திறன் ஆகும். புதிதாகக் கற்போர் பெரும்பாலும் எழுத்துகளின் எண்ணிக்கையைக் கண்டே தயங்குகின்றனர். ஆனால் முதன்மையான இடர்ப்பாடு எண்ணிக்கையில் இல்லை. கன்ஜி எழுத்து ஒன்று, அது அமையும் சொல்லைப் பொறுத்து வெவ்வேறு ஒலிகளைப் பெறுகின்றது. ஆகவே சொல்லை அறியாமல் எழுத்தை மட்டும் கற்று ஜப்பானிய உரையை வாசிக்க இயலாது.

எழுத்து வகைகள்

ஹிரகனாவும் கதகனாவும் அசையெழுத்துகள். ஒவ்வொன்றிலும் 46 அடிப்படை எழுத்துகள் உள்ளன. இரண்டும் ஒரே ஒலிகளையே குறிக்கின்றன. இரண்டையும் சேர்த்து 'கனா' என்பர். இவை ஏறத்தாழ 9ஆம் நூற்றாண்டில் சீன எழுத்துகளிலிருந்து உருவாயின. முழு எழுத்தை விரைந்து எழுதிய வளைவான வடிவத்திலிருந்து ஹிரகனா பிறந்தது. பௌத்தத் துறவிகள் சீன மொழி நூல்களின் வரிகளுக்கிடையே குறிப்பெழுதும்போது எழுத்தின் ஒரு பகுதியை மட்டும் எடுத்து எழுதியதிலிருந்து கதகனா பிறந்தது. இன்று இலக்கண உருபுகளும் வினை விகுதிகளும் ஹிரகனாவிலும், மேலைநாட்டுக் கடன்சொற்களும் அயல்நாட்டுப் பெயர்களும் கதகனாவிலும் எழுதப்படுகின்றன.

கன்ஜி என்பது சீனத்திலிருந்து பெறப்பட்ட, பொருள் சுட்டும் எழுத்து (தமிழர் உண்ணும் கஞ்சியோடு இதற்குத் தொடர்பில்லை). ஜப்பானிய அரசு 2010ஆம் ஆண்டில் திருத்தி வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 2136 கன்ஜிகள் உள்ளன. இவற்றுள் 1026 எழுத்துகள் தொடக்கப்பள்ளியின் ஆறு ஆண்டுகளில் கற்பிக்கப்படுகின்றன. முதல் வகுப்பில் கற்பிக்கப்படுபவை 80 மட்டுமே.

எழுத்து வரிசையும் இந்தியத் தொடர்பும்

கனா எழுத்துகளின் வரிசை தமிழ் வாசகருக்கு வியப்பளிக்கக் கூடியது. உயிரெழுத்துகள் அ, இ, உ, எ, ஒ என்ற வரிசையிலும், மெய்கள் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்ற வரிசையிலும் அமைகின்றன. 'ஹ' வரிசை பழங்காலத்தில் 'ப' என ஒலிக்கப்பட்டது என்பது மொழியியலாளர் கருத்து. அந்த இடத்தில் 'ப'வை வைத்துப் பார்த்தால், தமிழ் மெய்வரிசையில் ஜப்பானிய மொழிக்கு வேண்டாதவற்றை நீக்கினால் எஞ்சும் வரிசையே இது.

இது தற்செயலானது அன்று. பௌத்த மந்திரங்களைச் சரியாக ஒலிப்பதற்காக ஜப்பானியத் துறவிகள் சித்தம் எனப்படும் இந்திய எழுத்து முறையையும் அதனுடன் வடமொழி ஒலியியலையும் கற்றனர். கனாவை ஒலிப்பிறப்பு முறைப்படி அடுக்கும் இவ்வரிசை அக்கல்வியின் தாக்கத்தால் அமைந்தது. பிராமி வழிவந்த தமிழ் எழுத்தும் அதே ஒழுங்கைப் பின்பற்றுகின்றது. ஆகவே இது தமிழிலிருந்து ஜப்பானுக்குச் சென்றது என்று கூறுவது பொருந்தாது. இரண்டிற்கும் மூலம் ஒன்று என்பதே சரி. ஜப்பானில் நெடுங்காலம் 'இரோஹா' எனும் வேறொரு வரிசையே அகராதிகளில் வழங்கி வந்தது. இன்றைய அகராதிகள் ஒலிமுறை வரிசையைப் பின்பற்றுவதால், தமிழ் கற்றவர் ஜப்பானிய அகராதியில் சொல் தேட விரைவில் பழகிவிடலாம்.

கனாவை வாசித்தல்

கனா எழுத்துகளை நாள்தோறும் பயில்வோர் சில வாரங்களில் கற்றுவிடுகின்றனர். குறில், நெடில் வேறுபாடு தமிழருக்குப் புதிதன்று. 'ஒஜிசன்' என்றால் மாமா அல்லது சிற்றப்பா. 'ஒஜீசன்' என்றால் தாத்தா. மெய் இரட்டித்தலும் அவ்வாறே: 'கிதெ' என்பது 'வந்து' என்னும் வினையெச்சம், 'கித்தெ' என்பது அஞ்சல்தலை. இவ்விரண்டும் ஆங்கில வழியில் கற்போரைப் பெரிதும் குழப்புவன.

மாறாக, வல்லினத்தில் தமிழ்ப் பழக்கம் இடையூறாகின்றது. தமிழில் ஒரே 'க' இடத்திற்கேற்ப வன்மையாகவும் மென்மையாகவும் ஒலிக்கும். ஜப்பானிய மொழியில் இவை பொருளை வேறுபடுத்தும் தனி ஒலிகள். மென்மையான ஒலிக்கு எழுத்தின் வலப்பக்க மேல்மூலையில் இரண்டு சிறு கீற்றுகள் இடப்படும். பெர்சிமன் பழத்தின் பெயரையும் திறவுகோலின் பெயரையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'ககி' என்றே வரும். கனாவில் அக்கீற்றுகளே அவற்றைப் பிரித்துக் காட்டுகின்றன. எனவே தமிழ் எழுத்தில் குறிப்பெடுத்து ஜப்பானிய மொழி கற்பது தொடக்கத்தில் எளிதாகத் தோன்றினும் விரைவில் கைவிடத்தக்கது.

கனாவிலும் சில விலக்குகள் உண்டு. 1946ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் எழுத்தையும் ஒலியையும் பெரும்பாலும் இணைத்தது. ஆயினும் மூன்று உருபுகளைப் பழைய முறையிலேயே விட்டுவைத்தது. எடுத்துக்காட்டாக, எழுவாய் போன்ற பேசுபொருளைச் சுட்டும் உருபு 'ஹ' என எழுதப்பட்டு 'வ' என வாசிக்கப்படுகின்றது. கதகனாவில் 'ஷி', 'த்ஸு' ஆகிய இரண்டும் இரு சிறு கோடுகளும் ஒரு நீண்ட கோடும் கொண்டவை. முன்னதில் நீண்ட கோடு கீழிருந்து மேலாகவும், பின்னதில் மேலிருந்து கீழாகவும் இழுக்கப்படும். கோடுகளின் வரிசையைக் கையால் எழுதிப் பயிலாதவர் இவற்றை நெடுநாள் மாற்றி வாசிப்பர்.

சொற்களுக்கிடையே இடைவெளி இன்மை

ஜப்பானிய உரையில் சொற்களுக்கு இடையே இடைவெளி விடப்படுவதில்லை. எழுத்து வகை மாறும் இடமே சொல் தொடங்குவதற்கான அடையாளமாகப் பயன்படுகின்றது. 'வதஷி வ கக்கோ நி இகு' என்ற தொடரின் பொருள் 'நான் பள்ளிக்குப் போகிறேன்' என்பது. இதில் 'நான்', 'பள்ளி' ஆகிய சொற்களும் 'போ' என்னும் வினையடியும் கன்ஜியில் அமையும். உருபுகளும் விகுதியும் ஹிரகனாவில் அமையும். 'நி' என்பது தமிழின் 'கு' உருபைப் போலச் சொல்லின் பின் ஒட்டுகின்றது. சொல் வரிசையும் தமிழை ஒத்தது. கன்ஜி தெரியாத சிறுவருக்கான நூல்கள் முழுவதும் ஹிரகனாவில் இருப்பதால் அவற்றில் இடைவெளி விடுவர்.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஜப்பானியக் குழந்தை பள்ளியில் சேரும்போதே அன்றாடச் சொற்களைப் பேசி அறிந்திருக்கின்றது. எழுத்துகளைக் கூட்டியதும் சொல் விளங்கிவிடும். அயல்நாட்டவர் அதே வரியைப் பிழையின்றி ஒலித்தாலும் பொருள் விளங்குவதில்லை. கனா கற்று முடித்தவர்கள் சோர்வடைவது பெரும்பாலும் இக்கட்டத்திலேயே.

கன்ஜியின் பல ஒலிகள்

ஒரு கன்ஜிக்குப் பொதுவாக இரு வகை ஒலிகள் உண்டு. சீனச் சொல்லோடு வந்த ஒலி 'ஒன்' எனவும், அப்பொருளுக்குரிய ஜப்பானியச் சொல்லின் ஒலி 'குன்' எனவும் வழங்கும். சீன ஒலியும் ஒரே காலத்தில் வந்ததன்று. மேற்கூறிய 'போ' என்னும் எழுத்தையே எடுத்துக்கொண்டால், வரிசை எனப் பொருள்படும் 'கியோரெத்ஸு' என்ற சொல்லில் அது 'கியோ'. இது தொடக்கத்தில் வந்த பௌத்தச் சார்புடைய ஒலி அடுக்கைச் சேர்ந்தது. வங்கியைக் குறிக்கும் 'கின்கோ'வில் அது 'கோ'; இது தாங் பேரரசுக் காலத் தலைநகரின் ஒலிப்பைப் பின்பற்றியது. ஒருவகை விளக்கின் பெயரான 'அன்தொன்' என்பதில் அது 'அன்'; இது அதற்கும் பின்னர் வந்தது. தனித்து வினையாக வரும்போது 'இ'. நான்கும் ஒரே எழுத்து.

நாளையும் ஞாயிற்றையும் குறிக்கும் எழுத்து, குறுக்கே ஒரு கோடு இட்ட செவ்வகம் போன்றது. முதல் வகுப்பிலேயே கற்பிக்கப்படுவது. ஞாயிற்றுக்கிழமை என்னும் 'நிச்சியோபி' என்ற மூவெழுத்துச் சொல்லில் அது முதலிலும் இறுதியிலும் வருகின்றது. முதலில் 'நிசி' எனவும் இறுதியில் 'பி' எனவும் வாசிக்கப்படுகின்றது. 'இன்று' என்னும் 'கியோ' இரண்டு கன்ஜிகளால் எழுதப்படுகின்றது. அவற்றில் எதற்கு எந்த ஒலி எனப் பிரிக்கவே இயலாது. கன்ஜியை ஹிரகனா விகுதி தொடர்ந்தால் ஜப்பானிய ஒலி, கன்ஜிகள் அடுத்தடுத்து வந்தால் சீன ஒலி என்பது பொது வழிகாட்டி மட்டுமே.

ஆயினும் கன்ஜி ஒழுங்கற்ற கோட்டுக் குவியல் அன்று. பெரும்பாலான எழுத்துகளில் ஒரு பகுதி பொருளையும் மற்றொரு பகுதி ஒலியையும் சுட்டுகின்றது. நீல நிறத்தைக் குறிக்கும் எழுத்தின் சீன ஒலி 'செய்'. அதன் இடப்பக்கம் நீர் உறுப்பைச் சேர்த்தால் தூய்மை, ஞாயிறு உறுப்பைச் சேர்த்தால் தெளிந்த வானம், பேச்சு உறுப்பைச் சேர்த்தால் வேண்டுகோள். மூன்றின் சீன ஒலியும் 'செய்'தான். இவ்வுறுப்புகளே அகராதியில் தேடவும் உதவுகின்றன. 1716இல் சீனாவில் வெளிவந்த காங்சி அகராதியின் 214 உறுப்புகள் இன்றும் கன்ஜி அகராதிகளுக்கு அடிப்படையாக உள்ளன.

கற்கும் முறை குறித்து இரு தரப்புகள் உள்ளன. 1977இல் ஜேம்ஸ் ஹைசிக் முன்வைத்த முறை, ஒலிகளைத் தள்ளிவைத்து ஒவ்வொரு எழுத்தையும் ஒரு பொருட்சொல்லோடும் கற்பனைக் கதையோடும் நினைவில் கொள்ளச் செய்கின்றது. வடிவத்தை மறவாதிருக்க இது உதவுவதை மறுப்பார் குறைவு. ஆனால் அம்முறையின் முதல் நூலை மட்டும் முடித்தவர் ஈராயிரம் எழுத்துகளை அடையாளம் கண்டும் ஒரு செய்தித்தாள் வரியை உரக்க வாசிக்க இயலாதவராக இருப்பார். சொல்லோடு சேர்த்து எழுத்தைக் கற்பிக்கும் மற்றொரு முறை மெதுவானது; எனினும் கற்ற அளவிற்கு உடனே வாசிக்க முடிகின்றது.

ஃபுரிகனா

கன்ஜியின் மேலோ பக்கத்திலோ அதன் ஒலியைச் சிறிய கனாவில் அச்சிடுவது ஃபுரிகனா ஆகும். சிறுவர் இதழ்களின் படக்கதைகளில் பெரும்பாலும் எல்லாக் கன்ஜிகளுக்கும் இது இடப்படுவதால், அவை புதிதாகக் கற்போருக்கும் பயன்படுகின்றன. அச்சகத்தார் இதனை 'ரூபி' என்பர். ஐந்தரைப் புள்ளி அளவுள்ள அச்செழுத்திற்கு இங்கிலாந்து அச்சகங்களில் வழங்கிய பெயர் அது. இணையப் பக்கங்களை எழுதப் பயன்படும் மீயுரைக் குறிமொழியிலும் இதற்கான ஒட்டு அப்பெயரிலேயே உள்ளது.

ஃபுரிகனா கற்போருக்கு மட்டும் தேவைப்படுவதன்று. ஒருவரது பெயரை எழுத்தில் மட்டும் கண்டு உறுதியாக வாசிக்க ஜப்பானியராலும் பல வேளைகளில் இயலாது. ஆகவே விண்ணப்பப் படிவங்களில் பெயருக்கு மேல் ஃபுரிகனாவிற்கென ஒரு கட்டம் இருக்கும். குடும்பப் பதிவேட்டில் பெயரின் ஒலியையும் பதிவதற்கான சட்டத்திருத்தம் 2025 மே மாதத்திலேயே நடைமுறைக்கு வந்தது.