தாய்ப்பாலில் ஒரு பங்கு யாருக்கு?



தாய்ப்பாலில் உள்ள ஒரு பொருள் குழந்தைக்குச் செரிப்பதே இல்லை என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். ஒலிகோசாக்கரைடுகள் எனப்படும் சர்க்கரைத் தொடர்களே அவை. 150-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. பாலின் திடப்பொருள்களில் லாக்டோஸ், கொழுப்பு ஆகியவற்றுக்கு அடுத்த இடம் இவற்றுக்கே. ஆனால் இவற்றை உடைக்கும் நொதி குழந்தையிடம் இல்லை. அவ்வாறெனில், தாயின் உடல் தன் சத்தைச் செலவிட்டு இவற்றை ஏன் உண்டாக்குகிறது?

விடை குழந்தையின் பெருங்குடலில் இருக்கிறது. 1899-ஆம் ஆண்டு பாரிஸ் நகரின் பாஸ்டர் ஆய்வகத்தில் ஹென்றி டிசியே என்பவர், தாய்ப்பால் அருந்தும் குழந்தையின் மலத்தில் கவைக்கோல் போல் பிளவுபட்ட பாக்டீரியாவைக் கண்டார். பிஃபிடோபாக்டீரியம் எனப்படும் அவ்வினத்தில் இன்ஃபான்டிஸ் என்றொரு வகை உண்டு. அதன் மரபணுத் தொகுதி 2008-இல் வெளியானபோது, தாய்ப்பாலின் இச்சர்க்கரைகளைப் பற்றி உள்ளிழுத்து உடைப்பதற்கான மரபணுக்கள் ஒரே இடத்தில் கொத்தாக அமைந்திருப்பது தெரிய வந்தது. வேறு சில பாக்டீரியாக்கள் வெளியிலேயே உடைத்து உண்பதால், சிதறுவது பிற கிருமிகளுக்கும் கிடைத்துவிடும். இதுவோ, சஹனுக்கு வெளியே ஒரு பருக்கையும் சிந்தாமல் உண்பவரைப் போன்றது! உண்டபின் இது வெளிவிடும் அசெட்டிக், லாக்டிக் அமிலங்களால் குடலில் புளிப்புத்தன்மை கூடுகிறது. வயிற்றுப்போக்கைத் தரும் பல கிருமிகளுக்கு அச்சூழல் ஒவ்வாது.

பிரசவித்த முதல் சில நாட்களில் சுரக்கும் சீம்பாலில்தான் இச்சர்க்கரைகள் மிக அதிகம். அதைக் 'கெட்ட பால்' என்று பீய்ச்சிக் கொட்டச் சொல்லும் மூத்தவர்கள் உங்கள் வீட்டில் இருப்பின், பணிவுடன் எடுத்துச் சொல்லுங்கள்.

தஹ்னீக் செய்யும்போது பேரீச்சம்பழத்திற்குப் பதிலாகத் தேனைத் தொட்டு வைப்போரும் உளர். ஒரு வயது நிறையும் முன் தேன் கூடாது என்பது மருத்துவர்களின் உறுதியான அறிவுரை. போட்டுலிசம் என்னும் நச்சு நோயைத் தரும் பாக்டீரியாவின் வித்துகள் சிலவேளை தேனில் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடலில் நிறைந்துள்ள நுண்ணுயிர்கள் அவற்றை முளைக்க விடுவதில்லை. பச்சிளங்குழந்தையிடம் அக்காவல் இன்னும் முழுமை பெறவில்லை.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே, பின்னர் இணை உணவுடன் இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். திருக்குர்ஆன் (2:233) குறிப்பிடும் முழுமையான இரண்டு ஆண்டுகளை நாம் அறிவோம். சோறும் பருப்பும் காய்கறியும் குழந்தையின் தட்டுக்கு வரத் தொடங்கியதும், தாவர நாரைச் செரிக்கும் வேறு பாக்டீரியாக்கள் குடியேறுகின்றன. பால் நின்றபின், பாலுக்கென்றே வந்தவை குறைந்துவிடுகின்றன.