தூளி ஸ்பிரிங்கின் விறைப்பு: கோடு சொல்வதும் வகுத்தல் மறைப்பதும்

கடையில் வாங்கும் தூளி ஸ்பிரிங்கின் அட்டையில் அதிகபட்சம் இத்தனை கிலோ தாங்கும் என்று போட்டிருப்பார்கள். குழந்தையை வைக்கும் வீட்டுக்குத் தெரிய வேண்டியது வேறு. 4 கிலோ குழந்தை 8 கிலோ ஆகும்போது தூளி எவ்வளவு கீழே இறங்கும்? தரையில இடிக்குமா? இதுக்குப் பதில் ஒரே ஒரு எண்ணில் இருக்கு. பாடப்புத்தகம் அதைச் சுருள்வில் மாறிலின்னு சொல்லும். நான் இங்கே விறைப்புன்னே எழுதுறேன். ஒரு மீட்டர் நீட்ட எத்தனை நியூட்டன் விசை வேணும் என்பதுதான் அது.

குத்தம்பாக்கத்துல எங்க தெருவுல ரெண்டு தூளி ஸ்பிரிங் கைக்குக் கிடைச்சது. ஒண்ணு பூந்தமல்லியில் வாங்கின புதுசு. இன்னொண்ணு மூணு குழந்தைகளை ஆட்டி ஓய்ந்தது. 'இது இளகிப்போச்சு, வேணாம்'னு அந்த வீட்டுப் பாட்டி ஓரமா போட்டிருந்தாங்க. இளகிப்போச்சு என்றால் சரியா எது மாறியிருக்கு? அதைப் பார்க்கத்தான் இந்த அளவீடு.

தேவையானது ரொம்பக் குறைவு. உத்தரத்துக் கொக்கி, ஒரு மீட்டர் ஸ்கேல், பயணப்பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு, ஒரு துணிப்பை, தண்ணீர் பாட்டில்கள். பையோடு சேர்த்துச் சரியா 1 கிலோ, 2 கிலோன்னு வருகிற மாதிரி தண்ணீரைக் கூட்டிக் குறைச்சுக்கலாம். குழந்தையை வைத்து அளக்கக் கூடாதுன்னு தனியா சொல்லணுமா தெரியல, சொல்லி வைக்கிறேன். ஸ்பிரிங்கின் கீழ்க் கொக்கியில் ஒரு குச்சியை முள் மாதிரி கட்டி, பக்கத்தில் ஸ்கேலைச் செங்குத்தா நிறுத்தி, கண்ணை முள்ளின் மட்டத்துக்கே கொண்டுவந்து படிக்கணும். ஆட்டம் முழுசா நின்ன பிறகு படிக்கணும்.

புது ஸ்பிரிங் தந்த அளவு இது. 1 கிலோவுக்கு நீட்சியே இல்லை. 2 கிலோவுக்கு 2.2 செ.மீ., 3-க்கு 5.0, 4-க்கு 7.8, 5-க்கு 10.5, 6-க்கு 13.4, 7-க்கு 16.2, 8-க்கு 18.9. ஒவ்வொரு பாட்டிலா இறக்கும்போதும் 1 அல்லது 2 மி.மீ. வித்தியாசத்துல இதே எண்கள்தான்.

விசையை நீட்சியால் வகுத்தா விறைப்பு வந்துடும் என்பதுதான் நமக்கு மனப்பாடம். வகுத்துப் பாருங்க. 2 கிலோன்னா 19.6 நியூட்டன், 0.022 மீட்டரால் வகுத்தா சுமார் 890. 4 கிலோவில் 39.2-ஐ 0.078-ஆல் வகுத்தா சுமார் 500. 8 கிலோவில் 415. ஒரே ஸ்பிரிங்குக்கு மூணு விறைப்பு! 1 கிலோவில் இன்னும் மோசம், பூஜ்யத்தால் வகுக்கணும்.

இப்போ இதையே கிராஃப் ஷீட்டில் போடலாம். கிடை அச்சில் நீட்சி, நிலை அச்சில் விசை. 2 கிலோவிலிருந்து 8 கிலோ வரை ஏழு புள்ளியும் ஒரே நேர்கோட்டில் உட்காருது. ஆனா அந்தக் கோடு பூஜ்யத்தின் வழியா போகல. நிலை அச்சை சுமார் 12 நியூட்டனில் வெட்டுது. பழக்க தோஷத்தில் ஸ்கேலை மூலைப் புள்ளியில் வைத்து இழுத்தா எல்லாம் கெட்டுப்போகும். கோடு எங்கே போகணும்னு புள்ளிகள்தான் சொல்லணும்.

சாய்வு எடுக்க அளந்த புள்ளிகளைத் தொட வேண்டாம். கோட்டின் மேலேயே, நல்லா தள்ளித்தள்ளி ரெண்டு இடம் எடுங்க. 4 செ.மீ.-இல் விசை 26 நியூட்டன், 18 செ.மீ.-இல் 75 நியூட்டன். வித்தியாசம் 49, அதை 0.14 மீட்டரால் வகுத்தா 350 நியூட்டன்/மீட்டர். தள்ளி எடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. 2 மி.மீ. தப்பாப் படிச்சா 2.2 செ.மீ. நீட்சியில் அது 9 சதவீதம், 14 செ.மீ. இடைவெளியில் ஒன்றரை சதவீதம்கூட இல்லை.

அந்த 12 நியூட்டன் எங்கிருந்து வந்தது? தூளி ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இருக்கும். கம்பியைச் சுற்றும்போதே முறுக்கி இறுக்கமா சுற்றுவதால், எடை ஏதும் இல்லாதபோதே சுற்றுகள் ஒன்றையொன்று அழுத்திக்கிட்டு இருக்கும். அந்த முன்விசையைத் தாண்டும் வரை ஸ்பிரிங் வாயே திறக்காது. 12 நியூட்டன் என்பது கிட்டத்தட்ட 1.2 கிலோ எடை. 1 கிலோ பாட்டிலுக்கு அது அசையாததன் காரணம் இதுதான். பள்ளி ஆய்வகத்தில் பெரும்பாலும் இது கண்ணில் படாது. வெறும் எடைதாங்கி தொங்கும் நிலையையே பூஜ்யம்னு வெச்சு ஆரம்பிப்பதால், முன்விசை இருந்தாலும் அதுக்குள்ளேயே ஒளிஞ்சுடும்.

எந்த அச்சில் எதைப் போடணும் என்று ஒரு பழைய சண்டை உண்டு. நாம மாற்றுவது எடை, அதனால அதுதான் கிடை அச்சு என்பார்கள் சிலர். அதுவும் சரிதான், ஆனா அப்போ சாய்வு விறைப்பா இருக்காது, அதன் தலைகீழா இருக்கும். அலகை எழுதிப் பார்த்தாலே தெரிஞ்சுடும்: நியூட்டன்/மீட்டரா, மீட்டர்/நியூட்டனா?

இப்போ பாட்டியின் பழைய ஸ்பிரிங். அதே கம்பித் தடிமன், அதே 85 சுற்று. புதுசு சும்மா தொங்கும்போது சுற்றுப்பகுதி 25.5 செ.மீ.; பழசு 27 செ.மீ., சுற்றுகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியுது. 1 கிலோவுக்கே 2.8 செ.மீ. நீளுது, 2-க்கு 5.6, 3-க்கு 8.3, 4-க்கு 11.2. கோடு பூஜ்யத்தின் வழியா போகுது. சாய்வு? அதே 350!

அதாவது விறைப்பு இளகவே இல்லை. போனது முன்விசை, கூடவே ஒன்றரை செ.மீ. நிரந்தர நீட்சி. நீட்சிக்குப் பதில் மொத்த நீளத்தை அச்சில் போட்டா ரெண்டும் இணைகோடுகளா வரும். அதனால குழந்தை 4 கிலோவா இருந்தாலும் 8 கிலோவா இருந்தாலும் பழசில் அது சுமார் 5 செ.மீ. கீழே இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். கிலோவுக்கு 2.8 செ.மீ. இறக்கம் என்பது ரெண்டுக்கும் பொது. 4 கிலோ 8 கிலோவானா 11 செ.மீ. கீழே வரும், தூளியின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் அதுக்கு மேலேயே இடைவெளி விடணும், ஆட்டும்போது இறங்குவதையும் கூட்டிக்கணும்.

விறைப்பு ஏன் மாறலைன்னா, அது கம்பித் தடிமன், சுற்றின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, எஃகின் விறைப்புக் குணகம் இந்த நாலையும் சார்ந்தது. (பேர்தான் ஒத்துப்போகுது. குணகம் உலோகத்தின் குணம், நான் சொல்லும் விறைப்பு அந்த ஒரு ஸ்பிரிங்கின் குணம்.) குணகத்தைத் தடிமனின் நான்காம் அடுக்கால் பெருக்கி, விட்டத்தின் மும்மடி, சுற்று எண்ணிக்கை, 8 மூணின் பெருக்கலால் வகுக்கணும். எஃகுக்கு 79 கிகா பாஸ்கல், தடிமன் 3 மி.மீ., சுற்றின் சராசரி விட்டம் 30 மி.மீ., சுற்று 85 என்று போட்டா 348 வருது. கிராஃப் சொன்ன 350-க்கு ரொம்பக் கிட்ட. ஆனா நான் கிராஃபைத்தான் நம்புவேன். தடிமன் 3-க்குப் பதில் 3.2 மி.மீ. என்று அளந்துட்டா விடை 29 சதவீதம் ஏறிடும். நான்காம் அடுக்கு அப்படி. திருகு அளவி இல்லாம இந்தச் சூத்திரத்தில் இறங்க வேண்டாம்.

நம்ம மாநிலப் பாடத்திட்டத்தில் 11-ஆம் வகுப்பு மாணவர்கள் இதே மாறிலியை வேறு வழியில் எடுக்கிறார்கள்: எடையை மேலும் கீழும் ஆடவிட்டு நேரம் பார்க்கிறார்கள். சுமை–நீட்சி கிராஃப் சி.பி.எஸ்.இ. செய்முறையில் இருக்கு. ஆடவிட்டும் பார்த்தேன். 6 கிலோவுக்கு 20 ஆட்டம் 16.6 வினாடி. ஸ்பிரிங்கின் எடை 450 கிராம். அதில் மூணில் ஒரு பங்கையும் சேர்த்து 6.15 கிலோன்னு கணக்குப் போட்டா 352. இந்த முறையில் முன்விசை குறுக்கிடாது, சுற்றுகள் மறுபடி ஒட்டிக்கொள்ளாத அளவுக்குச் சின்ன ஆட்டமா இருக்கும்வரை.

நீட்சி எவ்வளவோ விசையும் அவ்வளவு என்ற விதியை ராபர்ட் ஹூக் 1676-இல் லத்தீன் எழுத்துகளைக் கலைத்துப்போட்டுப் புதிராக வெளியிட்டு, 1678-இல்தான் விடையைச் சொன்னார். வேறு யாரும் உரிமை கொண்டாடிவிடக் கூடாதென்ற கவலை. முன்விசை உள்ள தூளி ஸ்பிரிங் அந்த விதியை அப்படியே கேட்காது. கூடுதல் நீட்சி எவ்வளவோ கூடுதல் விசை அவ்வளவு என்றால் கேட்கும்.

இந்தக் கிராஃப் ஒண்ணை மட்டும் காட்டாது. இந்த வகை ஸ்பிரிங் பெரும்பாலும் நடு உடம்பில் உடையாது. கொக்கியா வளைச்ச இடத்தில்தான் உடையும், ஏன்னா தகைவு அங்கேதான் குவியும். பல மாசம் ஆடி ஆடி அங்கே விரிசல் வளர்ந்திருந்தாலும் கோடு நேராத்தான் இருக்கும். அதனால பாட்டியின் ஸ்பிரிங் இளகலைன்னு தெரிஞ்ச பிறகும் அதைத் திரும்ப மாட்டச் சொல்லலை. புதுசில்கூட, உத்தரக் கொக்கியிலிருந்து ஸ்பிரிங்கின் உள்வழியா ஒரு நைலான் கயிறு போட்டு, நீட்சிக்கு இடம் விட்டுத் தூளியோடு சேர்த்துக் கட்டியிருக்கோம். ஆட்டும்போது இறங்குவதையும் சேர்த்து 8 கிலோ வரைக்கும் 30 செ.மீ. தளர்வு விட்டாச்சு, கயிறு இறுகியே நின்னாலும் தூளி தரையைத் தொடாத உயரத்தில்.