கட்டுநாயக்கவிலிருந்து கறுவாத்தோட்டத்துக்குக் கோச்சியில்

விமான நிலையமொன்றிலிருந்து பெருநகரப் பூங்காவொன்றுக்குப் புகையிரதத்தில் செல்லும் வழியைக் கணிப்போர் பெரும்பாலும் தண்டவாளத்தின் நீளத்தையும் வண்டியின் வேகத்தையுமே பார்க்கின்றனர். ஆனால் அப்பயணம் இலகுவாக அமையுமா சள்ளையாக முடியுமா என்பதைத் தீர்மானிப்பவை, விமான நிலைய வாசலுக்கும் ஏறும் மேடைக்கும் இடையிலும், இறங்கும் மேடைக்கும் பூங்காவின் வாயிலுக்கும் இடையிலும் கிடக்கும் சிறு தொலைவுகளே. அம்பாறைக் கரையோரத்து மக்களுக்கு இது புதிய செய்தியன்று. அவர்கள் பேச்சில் 'கோச்சி' எனப்படும் புகையிரதம் மட்டக்களப்போடு நின்றுவிடுவதால், ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தெற்கேயுள்ள கல்முனைக்கு எந்தப் பயணமும் தண்டவாளத்தில் முடிவதில்லை. அரச ஊழியருக்கு வழங்கப்படும் புகையிரத ஆணைச்சீட்டாகிய 'வாரண்ட்', புகையிரதமே ஓடாத இவ்வூர்களின் ஆசிரியர்களுக்கும் எழுதுவினைஞர்களுக்கும் கிடைத்துவருவது இதன் வேடிக்கையான பக்கமாகும்.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களில் கட்டுநாயக்கவுக்குப் போய்வராத குடும்பம் அரிது. மத்திய கிழக்குக்குத் தொழிலுக்குச் செல்பவரை வழியனுப்பவும், ஹஜ், உம்றா முடித்து வருபவரை அழைத்துவரவும் வேன் பிடித்து இரவோடிரவாகப் புறப்படும் குடும்பத்தினர், விடியற்காலையில் கொழும்பை அடைந்துவிட்டு, விமானம் மாலையிலோ நள்ளிரவிலோ இருப்பதால் பகல் முழுவதையும் கழிக்க இடமின்றி விமான நிலைய வாகனத் தரிப்பிடத்திலேயே பாய் விரித்துக் கிடப்பதும் உண்டு. அத்தகையோருக்கும், பயணப்பொதி அதிகமின்றி வந்திறங்கி இரவுக் கோச்சிக்காகக் காத்திருப்போருக்கும், விமான நிலையத்துக்கும் கொழும்பின் மிகப் பெரிய பொதுப்பூங்காவான விகாரமகாதேவி பூங்காவுக்கும் இடையிலான புகையிரத வழி அறிந்திருக்கத்தக்கது.

இவ்வழியின் முதற் சிக்கல் வரலாற்றில் வேரூன்றியது. ராகமவில் பிரதான பாதையிலிருந்து பிரிந்து, ஜா-எல, சீதுவை, கட்டுநாயக்க, நீர்கொழும்பு, சிலாபம் வழியாக 1926ஆம் ஆண்டில் புத்தளத்தை எட்டிய பாதை, தென்னந்தோட்டங்களுக்கும் கடற்றொழிலுக்கும் பயன்படவே போடப்பட்டது. அதன் நீர்கொழும்பு வரையான பகுதி ஓடத் தொடங்கிய காலத்தில் இலங்கை மண்ணில் விமானம் இறங்குவதற்கென ஒரு நிலையமே இருக்கவில்லை. கட்டுநாயக்க விமானத்தளமோ இரண்டாம் உலகப்போரின்போது பிரித்தானிய விமானப்படையால் அமைக்கப்பட்டு 1957இல் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. பின்னர் கனடாவின் உதவியுடன் விரிவுபடுத்தப்பட்டு, 1960களின் பிற்பகுதியில் நாட்டின் சர்வதேச விமான நிலையமாகியது. படைத்தளத்தை அமைத்தவர்கள் ஓடுபாதைக்கு ஏற்ற சமநிலத்தைத் தேடினரே அல்லாமல், பயணி ஒருவர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு மேடைக்கு வருவார் என்பதை நினைத்துப் பார்த்திருக்க வேண்டியதில்லை. புகையிரதப் பாதை ஒரு நோக்கத்துக்காகவும் விமானத்தளம் வேறொரு நோக்கத்துக்காகவும் தோன்றி, பின்னாளில் அயலவராகிவிட்டமையால், முனையக் கட்டடத்தின் வாசலிலே புகையிரத மேடை இல்லை. பயணி ஆட்டோவிலோ பஸ்ஸிலோ சிறிது தூரம் சென்றுதான் புத்தளப் பாதையிலுள்ள நிலையத்தை அடைய வேண்டும்.

இதற்கு நேர்மாறான நிலை ஒருகாலத்தில் கொழும்பிலேயே இருந்தது என்பதை இன்று பலர் மறந்துவிட்டனர். நாட்டின் முதலாவது விமான நிலையமான இரத்மலானையில் 1935 நவம்பர் 27ஆம் திகதி சென்னைப் பறத்தல் கழகத்து விமானி ஒருவர் தமது சிறு விமானத்தை இறக்கினார். அந்த நிலையம் கொழும்பிலிருந்து காலி, மாத்தறை நோக்கிச் செல்லும் கரையோரப் புகையிரதப் பாதைக்கு அண்மையிலேயே அமைந்தது. இரத்மலானையில் ஏறுபவர் கல்கிசை, தெஹிவளை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஆகியவற்றைக் கடந்து, வண்டி மாறாமலே கொள்ளுப்பிட்டியில் இறங்கிப் பூங்காவை நோக்கி நடக்கலாம். பெரிய ஜெற் விமானங்களுக்கு இரத்மலானையின் ஓடுபாதை போதாமற் போனமையால் சர்வதேசப் போக்குவரத்து வடக்கே நகர்ந்தது. விமானங்கள் பெருத்தன, பூங்காவுக்குச் செல்லும் வழி நீண்டது. ஆயினும் மட்டக்களப்பிலிருந்து இரத்மலானைக்கு உள்நாட்டு விமானம் பறந்த காலங்களில் அதில் வந்த கிழக்கு மாகாணப் பயணிக்கு அந்தப் பழைய வசதி அப்படியே வாய்த்தது.

கட்டுநாயக்கவில் ஏறும் வண்டி பெரும்பாலும் 'பவர் செட்' என்று அழைக்கப்படுவதாக இருக்கும். தனியான எஞ்சின் இழுக்காமல், டீசல் இயந்திரம் பெட்டித் தொடருக்குள்ளேயே பொருத்தப்பட்டிருப்பதும், இரு முனைகளிலும் சாரதிக்கான அறை இருப்பதால் எஞ்சினை மாற்றிக் கொழுவாமலே திரும்பிச் செல்லக்கூடியதுமான தொடர்வண்டியே பவர் செட் ஆகும். இது புறநகர் மக்களுக்கான வண்டியே தவிர விமானப் பயணிக்கானதன்று; பொதி வைக்கப் போதிய இடமில்லை, முன்பதிவில்லை, கட்டணம் மட்டும் மிகக் குறைவு. 1978இல் தொடங்கப்பட்ட கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயத்தின் தொழிலாளரும் கொழும்பு அலுவலகங்களுக்குச் செல்வோரும் சீசன் டிக்கட்டுடன் ஏறும் காலை வேளையில், இருபத்தைந்து கிலோ சூட்கேசுடன் வாசற்படியில் நிற்பவரை எவரும் அன்போடு நோக்கப் போவதில்லை. ஒரு தோள்பையுடன், அலுவலக நேரத்தைத் தவிர்த்துச் செல்வோருக்கே இவ்வழி பொருந்தும் என்பதை மறைக்காமற் சொல்ல வேண்டும்.

பயணம் ஒரு மணி நேரத்தைத் தாண்டுவதற்குக் காரணம் வண்டியின் மந்தம் மட்டுமன்று. ராகமவுக்கு வடக்கே இப்பாதையின் ஒரு பகுதி இரட்டைப் பாதையாகவும் எஞ்சியது ஒற்றைப் பாதையாகவும் உள்ளது. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் வண்டிகள் நிலையங்களில் மட்டுமே ஒன்றையொன்று விலக முடியுமாதலால், ஒரு வண்டி தாமதித்தால் மற்றதும் காத்துக் கிடக்க நேர்கிறது. ராகமவில் பிரதான பாதையோடு சேர்ந்தபின் வண்டி களனி கங்கையைக் கடந்து, தெமட்டகொடை, மருதானை வழியாகக் கொழும்பு கோட்டை நிலையத்தை அடைகிறது. 2013 அக்டோபரில் திறக்கப்பட்ட கட்டுநாயக்க அதிவேகப் பாதை வழியே ஓடும் 187ஆம் இலக்க பஸ் இதைவிட விரைவாகக் கோட்டைக்கு வந்துவிடும் என்பதும் உண்மை. கோட்டையிலிருந்தாவது கோச்சியில் ஏற விரும்புவோர் இரண்டையும் கலந்து பயன்படுத்துவதில் தவறேதுமில்லை.

1917ஆம் ஆண்டிலிருந்து இயங்கும் இன்றைய கோட்டை நிலையம், வடக்கு, மலையகம், கிழக்கு, தெற்கு ஆகிய திசைகளின் வண்டிகளெல்லாம் வந்துகூடும் இடமாகும். பொதிகளை ஒப்படைத்து வைக்கும் அறையும் இங்குண்டு. புறநகர் வண்டிகளுள் சில கோட்டையைத் தாண்டியும் தெற்கே ஓடுவதுண்டெனினும், பெரும்பாலும் இங்கே மேடை மாறிக் கரையோரப் பாதை வண்டியைப் பிடிக்க வேண்டியிருக்கும். அடுத்து வருபவை செயலகத் தரிப்பிடம், கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி என மூன்றே நிறுத்தங்கள். கோட்டையை விட்டதும் கட்டடங்களின் முதுகுப்புறங்களையும் பேரை வாவியின் பச்சை நீரையும் பார்த்துக்கொண்டு செல்லும் வண்டி, கொள்ளுப்பிட்டியை நெருங்கும்போது சட்டெனக் கடலோரத்துக்கு வந்துவிடுகிறது. வலப்பக்க யன்னலுக்கும் அலைக்கும் இடையில் கருங்கற் குவியல் மட்டுமே எஞ்ச, உப்புக் காற்று பெட்டிக்குள் அடிக்கிறது. சூரியன் கடலிலிருந்து எழுவதையே கண்டு பழகிய கல்முனைக் கண்களுக்கு, அது கடலுக்குள் இறங்கும் இந்தக் கரை சற்றுத் திசை தப்பியதுபோலத் தோன்றக்கூடும்.

இரண்டாவது இடைவெளி இங்கே தொடங்குகிறது. கொள்ளுப்பிட்டி நிலையத்திலிருந்து காலி வீதியைக் கடந்து, முன்னர் டரட் வீதி எனப்பட்ட தர்மபால மாவத்தை வழியே கிழக்கு நோக்கி நடந்தால் பூங்காவை அடையலாம். கொம்பனித்தெருவில் இறங்கி யூனியன் பிளேஸ் பக்கமாக வருவதும் ஏறக்குறைய அதே அளவு நடையே. வெயிலில் சிறுவர்களுடன் நடக்க இது கூடுதலான தூரமாகையால் ஆட்டோவை நாடுவோரே அதிகம். வழி கேட்பதற்கு நம்மவர்களுக்குப் பூங்காவின் பெயரைவிட உதவும் அடையாளம் ஒன்றுண்டு: ஷெய்க் உஸ்மான் வலியுல்லாஹ் அவர்களின் அடக்கத்தலத்தை ஒட்டி எழுந்த தெவட்டகஹ பள்ளிவாசல். நகர மண்டபத்தருகே, நாற்சந்தியில் நிற்கும் அந்தப் பள்ளிவாசலில், பயணிக்குரிய சலுகைப்படி ளுஹரையும் அஸரையும் சுருக்கிச் சேர்த்துத் தொழுதுவிட்டு வீதியைக் கடந்தால் பூங்காவின் மரங்கள் தெரியும்.

இப்பகுதிக்குக் கறுவாத்தோட்டம் என்ற பெயர் ஒல்லாந்தர் காலத்தில் வந்தது. காட்டில் தானாக வளர்ந்த கறுவாவையே உரித்துவந்த ஒல்லாந்தர், ஆளுநர் ஃபால்க் காலத்தில், 1769 அளவில், மருதானைப் பக்கத்தில் அதை நட்டுப் பயிரிடத் தொடங்கினர். அத்தோட்டங்கள் பின்னர் ஆங்கிலேயர் கைக்கு வந்து, கறுவா வணிகம் நலிந்தபின் மாளிகைகளுக்கும் பொதுக் கட்டடங்களுக்கும் இடமளித்தன. சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா என்ற செல்வந்தர் நன்கொடையாக அளித்த நிலத்தில் அமைந்த பூங்காவுக்கு விக்டோரியா மகாராணியின் பெயர் இடப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது படையினர் தங்கும் இடமாகிய பூங்கா, போருக்குப் பின் சீரமைக்கப்பட்டு 1951இல் மீண்டும் மக்களுக்குத் திறக்கப்பட்டது. 1958இல் துட்டகைமுனு மன்னனின் தாயான விகாரமகாதேவியின் பெயரைப் பெற்றது. பூங்காவை ஒட்டிச் செல்லும், முன்னர் 'கிரீன் பாத்' எனப்பட்ட ஆனந்த குமாரசுவாமி மாவத்தையின் நடைபாதையில் ஓவியர்கள் தம் படங்களை மரங்களிலும் வேலியிலும் சாய்த்து விற்பனைக்கு வைத்திருப்பதைக் காணலாம். கலை வரலாற்றறிஞர் ஒருவரின் பெயரைத் தாங்கிய வீதிக்கு இதைவிடப் பொருத்தமான வாணிபம் அமைந்திருக்க முடியாது.

பூங்காவுக்கு எதிரே நிற்கும் தேசிய நூதனசாலை, அதாவது அருங்காட்சியகம், கல்முனை வாசகர் தவறவிடக்கூடாத ஒன்றாகும். ஆளுநர் வில்லியம் கிரகரியின் முயற்சியால், ஸ்மிதர் என்ற கட்டடக்கலைஞரின் வரைபடத்தில் எழுந்து 1877 ஜனவரி 1ஆம் திகதி திறக்கப்பட்ட அவ்வெண்ணிற மாளிகையைக் கட்டிமுடித்தவர் அரசி மரைக்கார் வாப்புச்சி மரைக்கார் என்ற முஸ்லிம் ஒப்பந்தகாரராவார். திறப்புவிழாவில் என்ன பரிசு வேண்டும் என ஆளுநர் கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைக்குமாறு மட்டுமே அவர் வேண்டினார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது; நூதனசாலை நெடுங்காலம் வெள்ளிக்கிழமைகளில் மூடப்பட்டிருந்தமை அந்தக் கதைக்கு வலுச் சேர்த்தது.

வாசலுக்கும் மேடைக்கும் இடையிலான தொலைவை ஒழித்துக்கட்டிய நகரங்களும் உள்ளன. லண்டன் பிக்கடிலி சுரங்க ரயில் பாதை 1977இல் ஹீத்ரோ விமான நிலையத்துக்குள்ளேயே நீட்டப்பட்டதால், அங்கு ஏறும் பயணி வண்டி மாறாமலே ஹைட் பார்க் கோர்னரில் இறங்கிப் படியேறினால் பூங்காவின் மூலையில் நிற்பார். கொழும்பில் இரண்டு முனைகளிலும் கிடக்கும் இடைவெளி அங்கே இரண்டு முனைகளிலும் இல்லை. சென்னையோ இடைப்பட்ட நிலையிலுள்ளது. 1931இலேயே மின்மயமாக்கப்பட்ட கடற்கரை–தாம்பரம் பாதையின் திரிசூலம் நிலையம் விமான நிலையத்துக்கு நேரெதிரே இருக்கிறது. 2016 செப்டெம்பரில் மெட்ரோவும் விமான நிலைய வாசலுக்கே வந்துவிட்டது. இரண்டில் எதில் ஏறினாலும் கிண்டியில் இறங்கலாம். ஆனால் புள்ளிமானும் வெளிமானும் திரியும், ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள கிண்டித் தேசியப் பூங்காவின் சிறுவர் பூங்கா வாயிலுக்கு அங்கிருந்து மீண்டும் ஆட்டோவையோ பஸ்ஸையோ பிடிக்கத்தான் வேண்டும். சிகிச்சைக்கும் துணி வியாபாரத்துக்கும் சென்னை சென்றுவரும் அம்பாறைக் கரையோரத்தாருக்கு இவ்வேறுபாடு பழக்கமானதே.

பூங்காவில் பொழுதைக் கழித்தவர் ஊர் திரும்ப மறுபடியும் கோட்டைக்கே வரவேண்டும். 1928இல் திறக்கப்பட்ட மட்டக்களப்புப் பாதையில் பகலில் உதயதேவியும் இரவில் மீனகயாவும் செல்வது வழமை; நேரங்கள் அவ்வப்போது மாறுவதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. பொல்காவலை, மாகோ வழியாகச் செல்லும் வண்டி நடுநிசியில் 'கல்ஓயா சந்தி' என்ற பெயர்ப்பலகையைக் கடக்கும்போது, அரைத் தூக்கத்தில் கண்விழிப்பவர் தம் மாவட்டத்துக்கே வந்துவிட்டதாக எண்ணிவிடக்கூடாது. திருகோணமலைப் பாதை பிரியும் அந்தச் சந்திக்கும் இங்கினியாகலையில் அணைகட்டப்பட்ட கல்லோயாவுக்கும் பெயரளவில் அன்றி வேறு தொடர்பில்லை. பொலன்னறுவை, வாழைச்சேனை, ஏறாவூர் கழிந்து விடியும் வேளையில் மட்டக்களப்பில் தண்டவாளம் முடிகிறது. அங்கே கல்முனை பஸ்ஸில் ஏறிக் கல்லடிப் பாலத்தைக் கடந்து, காத்தான்குடியும் களுவாஞ்சிக்குடியும் கல்லாறும் பின்னே போனபின், பெரியநீலாவணைக்கு அப்பால் மருதமுனையின் கைத்தறிகள் அன்றைய வேலையைத் தொடங்கியிருக்கும்; கல்முனைக்கு அதற்கடுத்த தரிப்பிடங்களில் இறங்கலாம்.