மலையாடு முத்திரைக் காலண்டர்

ஆண்டு முடிந்தால் காலண்டர் பரணுக்கோ அடுப்புக்கோ போகும். அமெரிக்காவின் கிரேட் நார்தர்ன் ரயில் கம்பெனியின் காலண்டருக்கு மட்டும் அந்தக் கதி அவ்வளவாக நேரவில்லை. தேதித் தாள்களைக் கிழித்துவிட்டு, மேலே இருந்த முக ஓவியத்தைக் கத்தரித்துச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். இன்று அதைச் சேகரிப்பவர்களுக்குத் தலைவலியே அந்தக் கத்தரிக்கோல்தான்.

1928 தொடங்கி 1950களின் பிற்பகுதி வரை வந்த இந்தக் காலண்டர்களில் இருப்பவர்கள் பிளாக்ஃபீட் மக்கள். அமெரிக்காவின் மான்டானாவிலும் கனடாவின் ஆல்பர்ட்டாவிலும் வாழும் பழங்குடியினர். வரைந்தவர் வினோல்ட் ரைஸ், ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயில் 1886இல் பிறந்தவர். எழுத்தாளர் கார்ல் மேயின் செவ்விந்தியக் கதைகளைச் சிறுவயதில் படித்து மயங்கியவர், 1913இல் அமெரிக்கா வந்து, 1919-20 குளிர்காலத்தில் மான்டானாவின் பிரவுனிங் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கேதான் மயக்கம் தெளிந்து முகங்கள் தென்பட்டிருக்க வேண்டும்.

அவர் கையாண்டது பேஸ்டல் வண்ணக்கோல். முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும் நிழலும் இழைக்கப்பட்டிருக்கும். மணிவேலைப்பாடும் கம்பளியும் தட்டையான பட்டைகளாக, கிட்டத்தட்ட சுவரொட்டிபோல. பின்னணி பெரும்பாலும் வெறும் தாள். அச்சுக்குப் போனாலும் எடுப்பாகத் தெரிந்ததற்கு இதுவே காரணம்.

கம்பெனிக்குக் கலை ஆர்வம் மட்டும் இருக்கவில்லை. 1910இல் அமைந்த கிளேசியர் தேசியப் பூங்காவுக்குப் பயணிகளை ரயிலேற்றுவதுதான் நோக்கம். அந்தப் பூங்காவின் கிழக்குப் பாதி பிளாக்ஃபீட் மக்களிடமிருந்து 1895 ஒப்பந்தத்தில் 15 லட்சம் டாலருக்கு அரசு வாங்கிய மலைநிலம். அதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்புதான் காட்டெருமைகள் அழிந்துபோய், ஒரே குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கானோர் பட்டினியில் மாண்டிருந்தார்கள். அப்படி வாங்கிய நிலத்தைச் சுற்றிப் பார்க்க வாருங்கள் என்று அழைக்கத்தான் அவர்கள் முகமே விளம்பரமாயிற்று.

ஆகவே முழுக் காலண்டராக வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். கத்தரித்த படம் அழகான ஓவியம்; தேதித் தாளும் ரயில் கம்பெனியின் மலையாட்டு முத்திரையும் அதன் பெயரும் சேர்ந்திருந்தால்தான் அது யாருக்காக வரையப்பட்டது என்பது தெரியும்.

வாங்குமுன் ஒரு உருப்பெருக்கியை எடுங்கள். பழைய அச்சில் வண்ணப் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் பூப்போலக் கூடி நிற்கும். இன்றைய இங்க்ஜெட் அச்சில் அவை தெளித்த தூள்போலச் சிதறியிருக்கும். வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள், வண்ணம் வெளுத்துவிடும்.

ரைஸ் 1953இல் இறந்தார். அவருடைய அஸ்தியை கிளேசியர் பூங்கா மலையடிவாரத்தில் தூவியவர்கள் பிளாக்ஃபீட் நண்பர்கள். காலண்டர் அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் வந்துகொண்டிருந்தது.