ஜூலை 1 அன்று உங்கள் வயது என்ன?

2001 ஜூன் 20-இல் பிறந்தவர் ஒருவர். அதே ஆண்டு ஜூலை 5-இல் பிறந்தவர் இன்னொருவர். இருவரும் ராமநாதபுரத்தில் ஒரே கல்லூரியில் முதுகலை படிக்கிறார்கள், ஒரே கபடி அணியில் ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2026-27 கல்வியாண்டில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு இரண்டாமவர் போகலாம். முதலாமவர் போக முடியாது. ரெய்டில் அவரைப் பிடிக்க மாவட்டத்திலேயே ஆள் இல்லை என்றாலும் முடியாது. இருவருக்கும் இடையில் இருப்பது பதினைந்தே நாள்.

பல்கலைக்கழகப் போட்டிகளை நடத்தும் ஏ.ஐ.யு., அதாவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம், வயதைக் கணக்கிடும் நாள் ஜூலை 1. அன்று 17 வயது நிறைந்திருக்க வேண்டும், 25 நிறைந்திருக்கக் கூடாது. ஜூலை 5-இல் 25 நிறைகிறவர் அந்தக் கல்வியாண்டு முழுவதும் ஆடிவிட்டுப் போகலாம். சரியாக ஜூலை 1-ஆம் தேதியே பிறந்தவர்கள் மட்டும் அந்த ஆண்டின் சுற்றறிக்கையைக் கையில் வாங்கி, உடற்கல்வி இயக்குநரிடம் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

ஊரில் மூத்த ஆட்டக்காரர்கள் சிலர் இன்றும், "இருபத்தெட்டு வரைக்கும் ஆடலாம் தம்பி, அவசரப்படாதே" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் காலத்தில் வரம்பு 28 ஆகத்தான் இருந்தது. உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகளை நடத்தும் சர்வதேச அமைப்பான ஃபிசுவும் முன்பு 28 என்று வைத்திருந்து, பிறகு 25-க்கு இறக்கிவிட்டது. பழைய கணக்கை நம்பி, "முதலில் படிப்பு, எம்.ஏ. சேர்ந்த பிறகு ஆடிக்கொள்ளலாம்" என்று ஒத்திப் போடுகிறவர்களுக்குத்தான் இந்த மாற்றம் அடியாக விழுகிறது.

வயது ஒரு வாசல் மட்டும். மாணவர் என்பதற்கான வாசல் அதைவிடக் குறுகலானது. குறைந்தது ஓர் ஆண்டு நடக்கும் பட்டப் படிப்பிலோ பட்டயப் படிப்பிலோ முழுநேர மாணவராகச் சேர்ந்திருக்க வேண்டும். தற்காலிகச் சேர்க்கை செல்லாது. முழுநேர வேலையில் இருப்பவர் ஆட முடியாது. தொலைநிலைக் கல்வியில் படிப்பவரும் ஆட முடியாது. திருப்புல்லாணி, சேதுக்கரை, பெரியபட்டினம் பக்கத்து வீடுகளில் இந்தக் கடைசி விதியைச் சொன்னால் பலருக்கு வியப்பாக இருக்கும். ராமநாதபுரம் மாவட்டக் கலை, அறிவியல் கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அதே அழகப்பாவின் தொலைநிலைக் கல்வியில் சேர்ந்து, காலையில் கடலுக்கோ கடைக்கோ போய்விட்டு இரவில் பாடம் படிக்கிறவர்களும் இங்கே உண்டு. துணைவேந்தர் கையெழுத்திட்ட பட்டம் இருவருக்கும் கிடைக்கும். பல்கலைக்கழகத்தின் பெயர் பொறித்த பனியன் ஒருவருக்குத்தான் கிடைக்கும். படிப்பை முடித்துவிட்டு அரியர் மட்டும் எழுதிக்கொண்டிருப்பவரும் வெளியேதான். கட்டணம் கட்டிய ரசீது கையில் இருந்தாலும் அது தேர்வுக் கட்டணத்துக்கான ரசீது. வகுப்பில் அவர் பெயர் இல்லை.

இன்னொரு கடிகாரமும் சத்தமில்லாமல் ஓடுகிறது. கல்லூரிச் சேர்க்கைக்குத் தகுதி தரும் தேர்வில், நம் ஊர்க் கணக்கில் பன்னிரண்டாம் வகுப்பில், தேறி எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. பதினேழு பதினெட்டில் பள்ளியை முடித்து நேரே கல்லூரிக்குப் போனவருக்கு இந்த விதி இருப்பதே தெரியாது. பிளஸ் டூ முடித்த கையோடு வள்ளத்தில் ஏறி நான்கு வருஷம் கடலுக்குப் போனவர், வெளிநாட்டுக்குச் சபுர் போய் மூன்று வருஷம் கழித்துத் திரும்பியவர், கல்யாணம், குழந்தை என்று நின்று மறுபடி புத்தகத்தைத் தொட்ட பெண், இவர்களுக்கு இரண்டு கடிகாரங்களும் சேர்ந்தே ஓடுகின்றன. 22 வயதில் பி.ஏ. முதலாண்டு சேர்கிறவருக்குக் கிடைப்பது அநேகமாக மூன்று ஆட்டப் பருவங்கள். ஏன் தாமதம் என்று விதி கேட்பதில்லை.

இது நியாயமா என்றால், பாதி நியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. பதினெட்டு வயதுப் பையன் முப்பதை நெருங்கும் ஆளோடு மோதக் கூடாது என்பது சரி. ஆனால் வாழ்க்கை இழுத்துப் போன ஆண்டுகளுக்கு விலக்கு தரவே முடியாது என்பதில்லை. 2021-இல் நடக்க வேண்டிய செங்டு உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகள் கொரோனாவால் 2023-க்குத் தள்ளிப் போனபோது, வாய்ப்பை இழக்க இருந்தவர்களுக்காக ஃபிசு அந்த ஒரு முறை வரம்பை 27 ஆக உயர்த்தியது. அமெரிக்கக் கல்லூரிகளில் பிறந்த தேதியைவிடப் பருவங்களின் எண்ணிக்கைதான் பெரிய விஷயம்: ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவம் என்பது அங்கே நெடுநாள் வழக்கம். அதை எதிர்த்து டியாகோ பாவியா என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் நீதிமன்றம் போய், 2024 டிசம்பரில் கூடுதலாக ஓர் ஆண்டு ஆட இடைக்கால உத்தரவு வாங்கினார். அதன் பிறகு அங்கே வழக்குகள் வரிசை கட்டிவிட்டன. நம் பக்கம் இந்தக் கேள்வியை ஓங்கிக் கேட்டவர்கள் குறைவு.

சரி, பிறந்த தேதிக்கு எது சான்று? ஏ.ஐ.யு. போட்டிக்கான தகுதிப் படிவத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள தேதியைத்தான் எழுத வேண்டும். அந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால், ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைப் பதிவேட்டில் போய் நிற்கும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் எத்தனையோ பேர் மே மாதமும் ஜூன் மாதமும் பிறந்திருக்கிறார்கள், சான்றிதழில் மட்டும். ஜூனில் பள்ளி திறக்கும்போது பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்திருக்க வேண்டுமே என்று, கார்த்திகையில் பிறந்த குழந்தையை வைகாசியில் பிறக்க வைத்த கணக்கு அது. அம்மாவும் தலையாட்டினார், வாத்தியாரும் எழுதினார், யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. இருபது வருஷம் கழித்து, ஜூலை 1-க்குச் சில வாரங்கள் முந்திப் பிறந்ததாக அந்தத் தாள் சொல்வதால் ஒரு முழுப் பருவம் பறிபோகிறது. ஆஸ்பத்திரிப் பிறப்புச் சான்றில் நவம்பர், டி.சி.யில் ஜூன் என்று இருக்கும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள்.

பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் போவதற்கு முன் இதைக் கண்டுபிடித்தால் தலைமையாசிரியர் வழியாகவே வேலை முடியும். பிறப்புச் சான்றின் நகலோடு விண்ணப்பம் கொடுத்து, கல்வித் துறையின் அனுமதியோடு பதிவேட்டைத் திருத்தலாம். மதிப்பெண் சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு பாதை கடினம். பள்ளிப் பதிவேட்டில் சரியாக இருந்து சான்றிதழில் மட்டும் அச்சுப்பிழை என்றால், பள்ளி மூலம் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தை அணுக வேண்டும். பதிவேடே தவறு என்றால் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்க வேண்டிவரும். 24 வயதில், அணித் தேர்வுக்கு முந்தின மாதம் அப்படியொரு வழக்கு போட்டால் நீதிபதி முதலில் கேட்கப்போவது "இத்தனை நாள் எங்கே போனீர்கள்" என்றுதான்.

பிறப்பையே பதியாமல் விட்ட வீடுகளும் உண்டு. பிறந்து 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. ஓராண்டு கடந்துவிட்டால் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து உத்தரவு பெற வேண்டும். 2023-இல் திருத்தப்பட்ட பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை உட்படப் பலவற்றுக்கும் பிறப்புச் சான்றே வயதுக்கு ஆதாரம். வாத்தியார் கணக்குப் போட்டுப் பிறந்தநாள் கொடுக்கும் வழக்கம் அந்தத் தலைமுறையோடு போய்விடும்.

ஆதாரை நீட்டிப் பயனில்லை. வயதைத் தீர்மானிக்க ஆதார் உகந்த ஆவணம் இல்லை, பள்ளிச் சான்றே அதைவிட ஏற்கத்தக்கது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிலர் ஆதாரில் தேதியை மாற்றிக்கொண்டு வந்து, "இதோ சரியாகிவிட்டது" என்கிறார்கள். சரியாகவில்லை, ஒன்றுக்கொன்று முரண்படும் இரண்டு ஆவணங்களை அவர்களே உண்டாக்கியிருக்கிறார்கள். பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்த முடிச்சு இறுகும்.

தெரிந்தே வயதைக் குறைப்பது வேறு கதை. பெரும்பாலும் அது கல்லூரியில் தொடங்குவதில்லை. பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் போட்டியில் ஒரு பதக்கம் வரட்டும் என்று யாரோ ஒரு பயிற்சியாளர், "ரெண்டு வயசு கம்மி பண்ணிடலாம்" என்பார். பையன் ஜெயிப்பான், மேலே போவான், பொய்யும் கூடவே போகும். கிரிக்கெட்டில் ஜம்மு காஷ்மீர் வீரர் ராசிக் சலாமுக்கு 2019-இல் தவறான பிறப்புச் சான்று கொடுத்ததற்காக இரண்டு ஆண்டு தடை விழுந்தது. அடுத்த ஆண்டே கிரிக்கெட் வாரியம், தானாக வந்து உண்மையைச் சொல்பவருக்குத் தடை கிடையாது, மறைத்துப் பிடிபட்டால் இரண்டு ஆண்டு தடை என்று அறிவித்தது. மத்திய விளையாட்டு அமைச்சகம் 2010-இல் கொண்டுவந்த வயது மோசடித் தடுப்பு விதிகளைத் திருத்த 2025-இல் வெளியிட்ட வரைவும் இதே போக்கில்தான் இருந்தது: முதல் முறைக்கு இரண்டாண்டுத் தடை, மறுமுறை வாழ்நாள் தடையும் வழக்கும், தானாக ஒப்புக்கொள்பவருக்குப் பொதுமன்னிப்பு. போலி ஆவணம் தயாரிப்பதும் பயன்படுத்துவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புகார் வந்தாலே குற்றவாளி என்றும் எண்ண வேண்டாம். பேட்மின்டன் வீரர் லக்ஷயா சென் மீதும் அவர் குடும்பத்தார், பயிற்சியாளர் மீதும் வயதைத் திருத்தியதாக 2022 டிசம்பரில் பெங்களூருவில் வழக்குப் பதிவானது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இரண்டரை ஆண்டு அந்தப் பெயரைச் சுமந்துகொண்டுதான் அவர் ஆட வேண்டியிருந்தது. தோற்ற அணி ஜெயித்த அணியின் நட்சத்திரத்தை "ஓவர் ஏஜ்" என்று எழுதிக் கொடுப்பது நம் ஊர்த் திடல்களுக்கும் புதிதில்லை.

"அப்படியானால் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்" என்று சவால் விடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வளர்ச்சியைக் கொண்டு வயதைக் கணிக்கும் முறை, வளர்கிற பிள்ளைகளுக்கானது. பதினாறு பதினேழில் மணிக்கட்டு எலும்பின் வளர்ச்சி ஏறத்தாழ முடிந்துவிடும். அதன் பிறகு ஒருவருக்கு 24-ஆ 26-ஆ என்று அந்தப் படம் சொல்லாது. எலும்புச் சோதனையில் இரண்டு ஆண்டு முன்னே பின்னே இருக்கலாம் என்பதை நீதிமன்றங்களே 1982-இலிருந்து ஏற்று வருகின்றன. ஆகவே கல்லூரி வயதில் தாளைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

அந்தத் தாள் பிறகு எங்கே போகிறது என்று பார்த்தால் கவனம் தானாக வரும். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியதற்குப் பல்கலைக்கழக விளையாட்டு அதிகாரி கையெழுத்திட்டுத் தரும் படிவம் 3, மத்திய அரசின் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைகளுக்கு அடிப்படைச் சான்று. தமிழ்நாடு அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. வேலை கிடைத்த பிறகும் சான்று சரிபார்ப்பு நடக்கும். வேறொருவர் பெயரில் ஆடியதோ, தகுதியில்லாத ஆண்டில் ஆடியதோ அப்போது வெளிப்பட்டால் போவது பதக்கம் மட்டும் இல்லை, சம்பளமும்தான். ஊர்த் தொடர்போட்டியில் "அவன் வரலை, நீ இறங்கு" என்று பெயர் மாற்றி ஆடிப் பழகியவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். ஒரு கல்வியாண்டில் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு ஆடுவதும் கூடாது.

எல்லாத் தாளும் சரியாக இருந்தும் கெடுவதுண்டு. 2025 ஜூலையில் ஜெர்மனியின் ரைன்-ரூர் பகுதியில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகளுக்கு 12 இந்திய பேட்மின்டன் வீரர்கள் போனார்கள். உடன் போன அதிகாரிகள் அணி மேலாளர்கள் கூட்டத்தில் எல்லாப் பெயர்களையும் கொடுக்காததால் ஆறு பேரால் களம் இறங்கவே முடியவில்லை. அணி வெண்கலம் வென்றது. அந்த ஆறு பேர் ஓரமாக உட்கார்ந்து பார்த்தார்கள். அனுப்பிய ஏ.ஐ.யு. பிறகு விசாரணைக் குழு அமைத்தது. தன் பெயர் பட்டியலில் போனதா என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். கேளுங்கள். "சார், என் படிவம் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டதா, ரசீது இருக்கிறதா" என்று கேட்டால் எந்த நல்ல உடற்கல்வி இயக்குநரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தகுதி இல்லை என்று சொல்லிவிட்டால் வாய்மொழிப் பதிலோடு திரும்பக் கூடாது. எந்த விதியின்படி என்று எழுத்தில் கேட்க வேண்டும். முதலில் முதல்வரிடம், பிறகு பல்கலைக்கழகப் பதிவாளரிடம். அரசுக் கல்லூரியும் அழகப்பா பல்கலைக்கழகமும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை, 30 நாளில் பதில் தர வேண்டும். கடைசிப் படி, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு. ஆனால் போட்டி நான்கைந்து நாளில் முடிந்துவிடும், மனு அதற்குள் விசாரணைக்கு வருவதே பெரிய பாடு. அதனால் இந்தச் சண்டையை அணித் தேர்வு நாளில் தொடங்காமல், ஜூலையில் கல்லூரி திறந்ததும் தொடங்க வேண்டும். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று பெண்களும், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களும் தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வருமானம் பார்க்காமலே இவர்களுக்கு இலவச உதவி தருகிறது. ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும்.

25 கடந்துவிட்டவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் இருக்கின்றன. அதில் கல்லூரிப் பிரிவு 17 முதல் 25 வயது வரை. பொதுப் பிரிவு 15 முதல் 35 வரை. பொதுப் பிரிவுக்குக் கல்லூரி அடையாள அட்டை தேவையில்லை, கடலுக்குப் போகிறவரும் தொலைநிலையில் படிக்கிறவரும் சேரலாம். பதிவு இணையத்தில் நடக்கும். கடைசி நாளை ஒவ்வோர் ஆண்டும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அறிவிக்கும்; ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டாலும் சொல்வார்கள்.