மாரிக்கு முன் ஹீற்றரைப் பாருங்கள்

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று வீசத் தொடங்கிவிட்டால் யாழ்ப்பாணத்து வீடுகளிற் சில காரியங்கள் தாமாகவே நடைபெறும். கூரையில் ஓடு உடைந்த இடம் பார்க்கப்படும். கிணற்றடி வாய்க்கால் துப்புரவாகும். முன்னாளில் இவற்றோடு இன்னுமொரு வேலையும் இருந்தது. காய்ந்த பனைமட்டை, பன்னாடை, ஊமல், பொச்சுமட்டை ஆகியவற்றை ஈரம் படாமல் அடுக்களைப் பரணில் அடுக்கிவைப்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கும் முதியோருக்கும் கிடாரத்தில் வெந்நீர் வைக்க அந்த விறகே மாரி முழுவதும் உதவும். இன்று பல வீடுகளில் அந்தக் கிடாரத்தின் வேலையைக் குளியலறைச் சுவரில் தொங்கும் ஹீற்றர் ஏற்றுக்கொண்டது. ஆனால் மழைக்கு முன் விறகு சேர்த்த அந்த முன்யோசனை ஹீற்றர் விடயத்தில் நம்மிடம் இல்லை. மாசியில் நிறுத்திய சுவிட்சை மார்கழியில் அப்படியே போடுகிறோம்.

குளிர்நாட்டார் மாரிக்கு முன் தம் நீர்க்குழாய்களுக்குத் துணி சுற்றி வைப்பர். நீர் உறைந்து குழாய் வெடித்துவிடும் என்பது அவர்களுடைய அச்சம். நமக்கு அந்த அச்சம் இல்லை. தை மாதத்து விடியற்காலையிலும் இங்கே வெப்பநிலை 20 பாகை செல்சியசை அடுத்தே நிற்கும். அப்படியாயின் யாழ்ப்பாணத்தவருக்கு ஹீற்றர் எதற்கு என்று கேட்கலாம். எங்கள் ஆச்சியும் அப்படித்தான் கேட்டார். எண்பது வயதிலும் திருவெம்பாவைக் காலத்தில், தெருவிற் சங்கும் சேமக்கலமும் ஒலிக்குமுன் எழுந்து, கிணற்றில் அள்ளி வார்த்துக்கொண்டவர் அவர். குழாய்த் தண்ணீரில் ஒருநாள் கை வைத்துவிட்டு, "இது செத்த தண்ணி, பிள்ளை. கிணத்துத் தண்ணிக்கெண்டால் உயிர் கிடக்கு" என்றார்.

அவர் கூறியதில் நல்ல விஞ்ஞானம் இருக்கிறது. நிலத்தடி நீர் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில், 28 பாகை அளவில் நிற்கும். விடியற்காலைக் காற்று 22 பாகைக்கு இறங்கியிருக்கும்போது, அப்பொழுதே அள்ளிய நீர் இளஞ்சூடாகத் தோன்றுவது இதனாலேயே. அதே நீரை முதல்நாள் மாலை மேலே உள்ள தாங்கியில் ஏற்றிவிட்டால் இரவு முழுவதும் வாடைக்காற்று அதன் சூட்டைக் கவர்ந்துவிடும். துலாவையும் வாளியையும் விட்டு நீர்த்தாங்கிக்கு மாறியதோடு, கிணறு இலவசமாகத் தந்த சூட்டையும் நாம் இழந்துவிட்டோம். மாணவர்கள் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு லீற்றர் நீரை ஒரு பாகை சூடாக்க 4.2 கிலோயூல் வேண்டும். 15 லீற்றர் கொண்ட ஒரு வாளி நீரை 22 பாகையிலிருந்து 40 பாகைக்கு உயர்த்த 1,134 கிலோயூல் செல்லும். 28 பாகையில் தொடங்கினால் 756 போதும். மூன்றில் ஒரு பங்கு மிச்சம். ஆகவே விடியற்காலையில் நீரிறைக்கும் இயந்திரத்தைச் சற்று ஓடவிட்டுப் புதுநீர் ஏற்றிய பின் ஹீற்றரைப் போடுவது மின்கட்டணத்துக்கும் நல்லது.

உறைபனி இல்லாவிட்டாலும் நம் ஹீற்றருக்குப் பகைவன் ஒருவன் உண்டு. அவன் நம் காலடியிலேயே இருக்கிறான். குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்தது. மழைநீர் மண்ணினூடாக இறங்கும்போது அங்குள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அது சுண்ணாம்புக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்தே நம் கிணறுகளுக்கு வந்து சேருகிறது. நீரைச் சூடாக்கியதும் கரைந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகப் படிகிறது. கேத்தலின் உட்புறத்தில் வெள்ளைப் படிவாக இல்லத்தரசிகள் நாள்தோறும் காண்பது அதுவே. கேத்தலைத் திறந்து பார்க்கலாம், புளியோ தேசிக்காயோ இட்டுத் தேய்க்கலாம். ஹீற்றரின் வயிற்றை யார் திறந்து பார்க்கிறார்கள்?

சென்ற மாரியின் முதல் வாரத்தில் உறவினர் வீடொன்றில் நிகழ்ந்ததைக் கூறுகிறேன். கைகழுவக் குழாயைத் திருகிய எனக்கு விரலில் சுள்ளென்று ஓர் அதிர்ச்சி. "அது சில நாளா அப்பிடித்தான், செருப்புப் போட்டுக்கொண்டு திறவுங்கோ அண்ணை" என்றார் வீட்டுக்காரர், ஏதோ கதவு கிறீச்சிடுவதைச் சொல்வதுபோல. விசாரித்ததில், ஹீற்றரைப் போடும்போதெல்லாம் ட்றிப் சுவிட்ச் விழுந்துகொண்டேயிருந்ததாம். யாரோ ஒருவரைக் கொண்டு அதைத் தவிர்த்து நேரே கம்பி இணைத்துவிட்டார்களாம். மறுநாள் வந்த மின்வினைஞர் ஹீற்றரைக் கழற்றினார். சூடாக்கும் கம்பிச்சுருளின் மேல் விரற்கனத்துக்குச் சுண்ணாம்பு பிடித்திருந்தது. உள்ளே பிறக்கும் சூடு நீருக்குப் போக வழியின்றிச் சுருளின் உறை வெடித்து, மின்சாரம் நீரிற் கலந்திருந்தது. அதை நிலத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டிய புவிக்கம்பி துருப்பிடித்து அறுந்து கிடந்தது. அந்த வீட்டில் நான்கு மாதக் குழந்தை ஒன்று இருந்தது. அன்று காலையும் அந்தக் குழாய்நீரிலேதான் அதைக் குளிப்பாட்டியிருந்தார்கள்.

ட்றிப் சுவிட்ச் விழுகின்றதென்றால் அது தன் கடமையைச் செய்கிறது என்பதே பொருள். 30 மில்லி அம்பியர் அளவு மின்சாரம் வழிதவறினால் இமைப்பொழுதில் இணைப்பைத் துண்டிக்கவே அதை வைத்திருக்கிறார்கள். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கவேண்டும். அழுத்தியும் விழவில்லையெனில் மாற்றிவிட வேண்டும். ஈரக் காலோடு ஈரத் தரையில் நிற்கும் மாரி காலத்தில் இதை ஒத்திப்போடுவது அறிவுடைமையன்று.

எனவே புரட்டாசியிலேயே தேர்ந்த மின்வினைஞர் ஒருவரை அழையுங்கள். பிரதான இணைப்பை நிறுத்தி, நீர் ஆறியபின் வடித்து, சூடாக்கும் சுருளைக் கழற்றி, வினாகிரியிற் சில மணி நேரம் ஊறவிட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்துவிடும். கத்தியாற் சுரண்டினால் உறை கெடும். சேமித்துச் சூடாக்கும் வகை ஹீற்றர்கள் பலவற்றினுள் மக்னீசியக் கோல் ஒன்றும் இருக்கும். உருக்குக் கலம் அரிக்காதிருக்கத் தன்னைத்தானே அரிப்புக்குக் கொடுக்கும் கோல் அது. கடலோரக் கிராமங்களில் நீரில் உப்பு அதிகமாதலால் அது விரைவிற் கரையும். மெலிந்திருந்தால் புதிது போடச் செய்யுங்கள். அழுத்தம் தணிக்கும் வால்வையும் ஒருமுறை உயர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். 100 லீற்றர் நீர் 25 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடேறும்போது ஏறக்குறைய 1½ லீற்றர் பெருக்கும். சுண்ணாம்பினால் வால்வு அடைத்துக்கொண்டால் அந்தப் பெருக்கத்துக்குப் போக்கிடம் இராது.

எவ்வளவு சூட்டில் வைப்பது? தேங்கிநிற்கும் இளஞ்சூட்டு நீரிற் கிருமி பெருகுமாதலால் 60 பாகையில் வைப்பது நன்று. ஆனால் அந்தச் சூட்டில் ஐந்தாறு விநாடியிலேயே தோல் வெந்துவிடும். குழந்தையின் தோலுக்கு அத்தனை நேரமும் வேண்டியதில்லை. வாளியில் முதலில் தண்ணீர், பிறகே வெந்நீர் என்பதைப் பிள்ளைகளுக்கும் பழக்கிவையுங்கள்.

எரிவாயு ஹீற்றர் வைத்திருப்போருக்கு ஒரு சொல். 1868இல் இலண்டனில் பெஞ்சமின் மோகன் என்பவர் அமைத்த 'கீசர்' எனும் வாயு வெந்நீர்க் கருவியிற் புகைபோக்கி இல்லை. மணமும் நிறமுமற்ற காபனோரொட்சைட்டு நஞ்சு, மூடிய அறையில் ஆளை அறியாமலே கொல்லும். கூதல் என்று சாளரங்களை இறுக மூடிவிட்டு வாயு ஹீற்றரைக் கொளுத்துவோர் அந்தக் குறையைத் தாமே திரும்ப உண்டாக்குகிறார்கள்.

சூரிய ஹீற்றருக்கு வேண்டியது வேறு. மார்கழியில் நண்பகற் சூரியன் நம் உச்சியிலிருந்து 33 பாகை தெற்கே சாய்ந்து நிற்கும். சித்திரையில் நிழல் விழாத பலகையில் அப்போது தெற்கேயுள்ள முருங்கையோ தென்னையோ நிழல் போடக்கூடும். முருங்கையை மழைக்கு முன் வெட்டிவிடலாம். அது மீண்டும் தளிர்க்கும். தென்னையை வெட்ட யாருக்கும் மனம் வராது, பலகையைத்தான் நகர்த்தவேண்டும். கோடைப் புழுதியையும் காக்கை எச்சத்தையும் அதிகாலையில், கண்ணாடி சூடேறுமுன், கழுவிவிடுங்கள்.

மின்ஹீற்றரைத் துப்புரவாக்கி மீண்டும் பூட்டியபின் அவசரப்பட்டுச் சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள். நீரில்லாக் கலத்தில் புதுச்சுருளும் சில நிமிடத்திற் கருகிவிடும். முதலில் வெந்நீர்க் குழாயைத் திறந்துவையுங்கள். சிறிது நேரம் காற்றும் நீருமாகச் சீறிக்கொண்டு வரும். பிறகு ஒரே சீராக ஓடத் தொடங்கும். அதன்பின் குழாயை மூடிச் சுவிட்சைப் போடலாம்.