மறுபடியும் வந்தார் ஜோ கிப்ஸ்!

ரிடையர் ஆகி பதினோரு வருஷம் ஆன மேனேஜரை வீடு தேடிப் போய் அழைத்து வந்து, அதே நாற்காலியில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? வாஷிங்டனின் அமெரிக்கன் ஃபுட்பால் டீம் 2004-ல் செய்தது இதைத்தான். (இந்த ஆட்டத்தில் பந்தை உதைப்பதை விட, கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் அதிகம். பேர் மட்டும் ஃபுட்பால்!) டீமின் இன்றைய பெயர் கமாண்டர்ஸ், அன்று ரெட்ஸ்கின்ஸ்.

வந்தவர் லேசுப்பட்ட ஆளில்லை. 1981 முதல் 1992 சீசன் வரை கோச்சாக இருந்து மூன்று சூப்பர் பௌல் ஜெயித்தவர். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் மூன்று தடவையும் வேறு வேறு ஆள்! விலகிய பிறகு கார் ரேஸ் டீம் நடத்தினார். அதிலும் 2000, 2002-ல் சாம்பியன். 63 வயதில் மனுஷனுக்குப் புதிதாகச் சம்பாதிக்க ஒன்றுமில்லை. இழக்கத்தான் நிறைய இருந்தது.

முதல் மேட்ச், டாம்பா பே டீமுடன். புதிதாக வாங்கிய கிளின்டன் போர்ட்டிஸ், முதல் ஓட்டத்திலேயே 64 கஜம் ஓடி டச்டவுன்! 16-10 வெற்றி. ரசிகர்கள் அன்றைக்கே சூப்பர் பௌலுக்கு மூட்டை கட்டியிருப்பார்கள்.

அடுத்த நாலு மேட்சும் அவுட். ஒன்றில்கூட ஏழு புள்ளிக்கு மேல் வித்தியாசமில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

என்ன கோளாறு? பி.காம். படித்தவன் கண்ணுக்கு முதலில் படுவது சம்பளக் கணக்கு. கிப்ஸின் பழைய காலத்தில், முதலாளிக்கு மனசும் பர்ஸும் இருந்தால் போதும். 1994-ல் உச்சவரம்பு வந்துவிட்டது. 2004-ல் ஒரு டீமின் மொத்தச் சம்பளம் சுமார் 8 கோடி டாலருக்குள் அடங்க வேண்டும். தப்பான ஆளை வாங்கினால் பெஞ்சில் உட்கார வைத்தாலும் கணக்கில் உட்கார்ந்திருப்பான்! கிப்ஸ் ஜாக்ஸன்வில்லிலிருந்து கொண்டுவந்த குவார்ட்டர்பேக் மார்க் புருனல் எறிந்ததில் பாதிகூட ஆள் கையில் போய்ச் சேரவில்லை. பாதி சீசனில் அவரை உட்கார வைத்துவிட்டு பேட்ரிக் ராம்ஸியை இறக்கினார்.

பாவம், தடுப்பு ஆட்டக்காரர்கள்! 16 மேட்சில் எதிரிக்கு 265 புள்ளிதான் கொடுத்தார்கள். இந்தப் பக்கம் எடுத்ததோ 240. வெறும் 25 புள்ளி துண்டு... பத்து தோல்வி, ஆறு வெற்றி.

மனுஷன் ஓடிவிடவில்லை. 2005-ல் 10-6 என்று பிளேஆஃப் வரை கூட்டிப் போனார். 2006-ல் மறுபடி சறுக்கல், 5-11. 2007-ல் 9-7. இரண்டாவது இன்னிங்ஸ் மொத்தம் 30 வெற்றி, 34 தோல்வி. 2008 ஜனவரியில் ராஜினாமா செய்துவிட்டு, கார் ரேஸ் பக்கமே திரும்பிப் போய்விட்டார்.